மகள் ஹையர் லெவலில் ஸ்பானிஷ் எடுக்கிறாள். தமிழ் மட்டும் தெரிந்த அம்மா என்ன செய்வது?

செந்தூல் தையல்காரி:

வணக்கம். இங்கே பெரும்பாலும் எஸ்பிஎம் (படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு), மெட்ரிகுலேஷன் கேள்விகள்தான் வருகின்றன. என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மூத்த மகளுக்கு 16 வயது. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் உபகாரச் சம்பளத்தில் ஓர் அனைத்துலகப் பள்ளி. அங்கே தமிழ் கிடையாது. ஏதாவது ஒரு மொழிப் பாடம் எடுத்தாக வேண்டும் என்றார்கள். கூட்டாளி ஒருத்தி ஸ்பானிஷ் எடுத்தாள் என்று இவளும் எடுத்தாள். மூன்று வருடம் ஓடிவிட்டது. ஐஜிசிஎஸ்இ-யில், அதாவது எஸ்பிஎம் மாதிரி அனைத்துலகப் பள்ளிகளில் எழுதும் தேர்வில், நல்ல தேர்ச்சியும் வாங்கினாள். 'என் குடும்பம்', 'என் அறை', 'விடுமுறையில் போன இடம்' என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி கேள்விகள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது ஐபி டிப்ளோமா, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு, ஆரம்பித்திருக்கிறது. ஆறு பாடங்களில் மூன்றை ஹையர் லெவலில் எடுக்க வேண்டுமாம். அதில் ஒன்று ஸ்பானிஷ் என்று பிடிவாதமாக நிற்கிறாள். முதல் மாதமே செய்தித்தாள் கட்டுரை, ஸ்பெயினின் கட்டலோனியா மாநிலப் பிரச்சினை, போதாததற்கு ஒரு நாடகம். 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' என்று பெயர். நோட்டில் சிவப்பு மை கூடிக்கொண்டே போகிறது. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் சொன்னது: "வீட்டில் பேசிப் பழகட்டும்." யாரோடு பேசுவாள், தையல் மெஷினோடா?

பங்சாரில் ஸ்பானிஷ் சொல்லித் தரும் ஒருவர் மணிக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். சாதாரண ரவிக்கைக்கு எனக்குக் கூலி 45 வெள்ளி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று அவள் தூங்கிய பிறகு நோட்டைப் புரட்டினேன். ஒரே பக்கத்தில் நான்கு சிவப்பு. காலையில் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்தேன். 'யோ குஸ்தோ லா மூசிகா' தப்பு, 'மே குஸ்தா லா மூசிகா' சரி. 'வேயோ மி மாத்ரே' தப்பு, நடுவில் ஓர் 'ஆ' போட்டு 'வேயோ ஆ மி மாத்ரே' என்று எழுத வேண்டுமாம். 'எஸ் கன்சாதா' தப்பு, 'எஸ்தா கன்சாதா' சரி. கடைசியில் 'குவாந்தோ யெகராஸ்' என்பதை அடித்து 'குவாந்தோ யேகெஸ்' என்று திருத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "இங்கிலீஷில் இப்படி வராதும்மா, மனப்பாடம்தான் செய்யணும்" என்கிறாள்.

படிவம் 5 வரை படித்தவள் நான். எஸ்பிஎம்மில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுத்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஹையரில் விடலாமா, ஸ்டாண்டர்டுக்கு இறக்கச் சொல்லலாமா? பாடம் மாற்ற இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. என் தம்பி வேறு, "மெஸ்ஸியோடு பேசப் போறாளா?" என்று நக்கல் அடிக்கிறான்.


கெப்போங் கணக்கர்:

அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் மாண்டரின் தெரிந்தால் நாளைக்கே வேலை. ஸ்பானிஷ் தெரிந்து என்ன ஆகப்போகிறது? உங்கள் தம்பி கேட்டது நியாயம்தான். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்கிறீர்கள், யோசியுங்கள்.


ஈஜோக் தோட்டத்துப் பெண்:

கணக்கர் அண்ணனுக்கு முதலில் ஒரு வார்த்தை. மூன்று வருடம் ஸ்பானிஷ் படித்த பிள்ளை இன்றைக்கு மாண்டரினுக்குத் தாவினால் அங்கே சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பானிஷ் 20 நாடுகளில் அரசு மொழி, ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. கோலாலம்பூரில் இருக்கும் பன்னாட்டு நிறுவனச் சேவை மையங்களில் ஸ்பானிஷ் பேச ஆள் தேடுகிறார்கள். நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் மொழியியல் படித்து, அப்படி ஒரு மையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் பாடம் சொல்லித் தருகிறேன். சரி, அது போகட்டும்.

தையல்கார அக்கா, உங்கள் மகளின் நான்கு சிவப்பையும் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கும் அவள் தமிழ்ப்பள்ளியில் படித்த விஷயங்கள். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து வைத்ததால்தான் சிக்கல். நானும் முதல் வருடம் இப்படித்தான் சிவப்பு வாங்கினேன். இரண்டாம் வருடம் ஒரு நாள், "இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்?" என்று கேட்டுப் பார்த்தேன். அதன் பிறகு பாதி இலக்கணத்துக்கு மனப்பாடமே தேவைப்படவில்லை.

முதல் சிவப்பு. 'யோ' என்றால் நான். 'நான் இசை பிடிக்கிறேன்' என்றா சொல்கிறோம்? 'எனக்கு இசை பிடிக்கும்.' அதேதான் ஸ்பானிஷும். மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கிறது. 'தே குஸ்தா', உனக்குப் பிடிக்கிறது. 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. நான்காம் வேற்றுமை, அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'சே மே ஒல்விதோ'. எனக்கு மறந்துபோச்சு! ஆங்கிலத்தில் 'நான் மறந்தேன்' என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாமும் ஸ்பானியர்களும் பழியை மறதியின் மேலேயே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை: பிடித்த பொருள் பன்மையானால் அவர்கள் வினையையும் பன்மையாக்குவார்கள், 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. நமக்கு ஒரு மாம்பழமானாலும் ஒரு கூடையானாலும் 'பிடிக்கும்'தான்.

இரண்டாவது, அந்த 'ஆ'. 'வேயோ ஆ மி மாத்ரே' என்றால் 'என் அம்மாவைப் பார்க்கிறேன்'. இது இரண்டாம் வேற்றுமை உருபு. நாம் 'படம் பார்த்தேன்', 'வீடு பார்த்தேன்' என்று உருபு இல்லாமல் சொல்வோம். 'அம்மா பார்த்தேன்' என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். உயர்திணை என்றால் 'ஐ' வந்தே தீரும். ஸ்பானிஷிலும் செயப்படுபொருள் மனிதர் என்றால் 'ஆ' வரும், வீடு என்றால் வராது. செல்லப் பூனை நாய்க்கும் போடுவார்கள், அது பாசம். நாம் 'அந்தப் படத்தைப் பார்த்தேன்' என்று குறிப்பான பொருளுக்கும் 'ஐ' போடுகிறோம், அவர்கள் அங்கே போடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவே. உயர்திணை, அஃறிணை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் மகள் அதற்குப் பிறகு இந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

மூன்றாவதுதான் உலகம் முழுக்க ஸ்பானிஷ் மாணவர்களை அழவைப்பது. 'எஸ்', 'எஸ்தா' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பாடப் புத்தகத்தில் 'நிரந்தரம் என்றால் இது, தற்காலிகம் என்றால் அது' என்று போட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. தமிழில் பாருங்கள். 'அவள் டாக்டர்.' 'அவள் நம்ம ஊர்.' வினையே இல்லை. 'அவள் களைப்பாக இருக்கிறாள்.' 'அவள் செந்தூலில் இருக்கிறாள்.' இங்கே 'இரு' இல்லாமல் முடியாது. தமிழ் வெறுமனே விடுகிற இடத்தில் 'எஸ்', 'இரு' கேட்கிற இடத்தில் 'எஸ்தா'. அதனால்தான் 'எஸ்தா கன்சாதா', களைப்பாக இருக்கிறாள். 'எஸ் அபுர்ரிதா' என்றால் அவள் ஒரு அறுவை. 'எஸ்தா அபுர்ரிதா' என்றால் அவளுக்குச் சலிப்பாக இருக்கிறது. ஆளையே மாற்றிவிடும், ஜாக்கிரதை. தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. நாம் எப்போதும் அழகாக இருப்பவளையும் 'அழகாக இருக்கிறாள்' என்றுதான் சொல்வோம். ஸ்பானிஷில் பிறவி அழகுக்கு 'எஸ் குவாபா'. இன்றைக்கு உங்கள் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அழகாக வந்தாள் என்றால்தான் 'எஸ்தா குவாபா'.

நான்காவது. 'குவாந்தோ யேகெஸ்' என்றால் 'நீ வந்து சேரும்போது'. 'நீ வந்தவுடன் கூப்பிடு' என்று மகளுக்குச் சொல்கிறீர்கள். அவள் இன்னும் வரவில்லை, நாளைக்குத்தான் வரப்போகிறாள். ஆனாலும் 'வருவாய்' என்ற எதிர்காலத்தை நாம் அங்கே வைப்பதில்லை, 'வந்தவுடன்' என்கிறோம். நடக்காத காரியத்துக்கு எதிர்கால வினைமுற்று அங்கே பொருந்தாது என்று நம் காதுக்கே தெரியும். ஸ்பானிஷ்காரர்களுக்கும் அப்படித்தான். அங்கே சப்ஜங்டிவ் என்ற தனி வடிவம் வருகிறது, அதுதான் 'யேகெஸ்'. ஆசை, சந்தேகம், இன்னும் நடக்காதது எல்லாவற்றுக்கும் அது. நம் ஊரில் 'இன்ஷா அல்லாஹ்' கேட்காத காது உண்டா? ஸ்பெயினில் பல நூற்றாண்டு அரபு பேசினார்கள். அங்கே அல்லாஹ்வின் பெயரைச் சுமந்து அரபியிலிருந்து வந்த சொல்தான் 'ஒஹாலா'. 'அப்படி நடந்தால் நல்லது' என்று அர்த்தம். அதற்குப் பின்னால் எப்போதும் சப்ஜங்டிவ்தான்.

தமிழ் உதவாத இடம் ஒன்று பெரிதாக உண்டு. மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண், பெண் பார்க்கிறார்கள். மேசை என்ற சொல் போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது, ஸ்பானிஷிலும் அது 'மேசா', மலாயில் 'மேஜா'. சொல் ஒன்றுதான், ஆனால் அங்கே அது பெண். ஏன் என்று கேட்கக் கூடாது. அதை மட்டும் மனப்பாடம் செய்யட்டும்.

இனி ஹையரா ஸ்டாண்டர்டா. ஸ்டாண்டர்டுக்கு 150 மணி நேரப் பாடம், ஹையருக்கு 240. கேட்டலும் வாசிப்பும் இரண்டிலும் பாதி மதிப்பெண். எழுத்து 25 விழுக்காடு: ஸ்டாண்டர்டில் 250 முதல் 400 சொல், ஹையரில் 450 முதல் 600 சொல், ஒன்றரை மணி நேரத்தில். மிச்ச 25 வாய்மொழித் தேர்வு, உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டாண்டர்டில் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்வார்கள். ஹையரில் படித்த இலக்கியத்திலிருந்து 300 சொல்லுக்குள் ஒரு பகுதி கொடுத்து, 20 நிமிடம் தயாரிக்க விட்டு, பிறகு 12 முதல் 15 நிமிடம் பேச்சு. இரண்டு இலக்கியப் படைப்புகள் படித்தாக வேண்டும். ஆக உங்கள் மகள் இலக்கணத்தில் பலவீனமா என்று பார்க்காதீர்கள், அது சரியாகிவிடும். கதையைப் பற்றிப் பேசப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அந்த நாடகம் ஸ்பெயின் எழுத்தாளர் கார்சியா லோர்கா 1936-இல் எழுதி முடித்தது. அதே வருடம் ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில், அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நாடகம் 1945-இல்தான் முதன்முதலாக மேடையேறியது, அதுவும் அர்ஜெண்டினாவின் புவனோஸ் ஐரெஸில். கணவன் இறந்ததும் ஒரு தாய் ஐந்து மகள்களை எட்டு வருடத் துக்கத்தில் வீட்டுக்குள் பூட்டி வைக்கிறாள். மூத்தவளுக்கு 39, கடைக்குட்டிக்கு 20. ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அந்த வீட்டின் சட்டம். லண்டன் பிள்ளைக்கு இதை விளக்க ஒரு வாரம் ஆகும். நம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

ஆனால் ஓர் இடத்தில் கவனம். என்னிடம் படித்த ஒரு பெண், வீட்டின் வெள்ளைச் சுவர்கள் விதவைக் கோலத்தைக் காட்டுகின்றன என்று அழகாக ஒரு பக்கம் எழுதிவிட்டாள். நம் கண்ணுக்கு வெள்ளை என்றால் அதுதான். ஸ்பெயினில் துக்கத்தின் நிறம் கறுப்பு. அந்த வெள்ளை, வெளியே தெரியும் 'சுத்தம்', குடும்ப மானம். கறுப்பு உடை, வெள்ளைச் சுவர், நடுவில் கடைக்குட்டி போட்டுக்கொள்ளும் ஒரு பச்சை உடை. உங்கள் மகளை இந்தக் கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். 120 வெள்ளி வேண்டாம்.


ஆயர் ஈத்தாம் பையன்:

நான் போன வருடம் ஸ்பானிஷ் ஸ்டாண்டர்ட் எழுதியவன், பினாங்கு. டீச்சர் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஆன்ட்டி, முதலில் 'ர்ர்'. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். இரண்டாவதில் நாக்கு உருள வேண்டும். எங்கள் தமிழாசிரியர் கரி, கறி என்று உச்சரிக்க வைத்துப் பிரம்பால் மேசையைத் தட்டுவார். அப்போது எரிச்சல், இப்போது கும்பிடுகிறேன். 204 பேருந்தில் கொம்தார் வரும்வரை முணுமுணுத்தே பழகினேன், பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். 'எஸ்பாஞ்ஞா', 'நிஞ்ஞோ' எல்லாம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி சுலபம். 'த' கூட அப்படித்தான்: 'லாதோ' என்பதில் வரும் த, நம் 'அது'வில் வரும் மென்மையான த-வுக்குப் பக்கத்தில் நிற்கும்.

கேட்டல் தேர்வுதான் என்னைக் கவிழ்த்தது. வகுப்பில் ஒரே ஆசிரியர் குரலைக் கேட்டுப் பழகிவிட்டு உட்கார்ந்தேன். ஸ்பெயின்காரர் நன்றியை 'கிராத்தியாஸ்' என்பார், மெக்சிகோக்காரர் 'கிராசியாஸ்' என்பார். புவனோஸ் ஐரெஸ்காரர் 'யோ'வை 'ஷோ' என்பார். கியூபா பக்கம் வார்த்தைக் கடைசியில் வரும் ஸ் காணாமலே போய்விடும். திருநெல்வேலித் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், நம் பினாங்குத் தமிழ் மூன்றையும் ஒரே தாளில் வைத்த மாதிரி. தினமும் பத்து நிமிடம் வேறு வேறு நாட்டு வானொலி கேட்கச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை.

வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த படம் மெக்சிகோவின் இறந்தோர் நாள். நவம்பர் 1, 2 தேதிகளில் வீட்டில் இறந்தவர் படத்தை வைத்து, அவருக்குப் பிடித்த சாப்பாட்டை வைத்து, சுற்றிலும் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி. எங்கள் தாத்தாவுக்கு நாங்கள் போடும் படையல்தான் இது என்று தோன்றியதும் பயம் போய்விட்டது. அந்தச் செண்டுமல்லியே மெக்சிகோ பக்கத்துச் செடி. நம் மாலைக் கடைகளுக்கு அது எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது பாருங்கள்! மிளகாயும் அங்கிருந்துதான். நான் இதையெல்லாம் சொல்ல நினைத்தேன், 'படையல்' என்பதற்கு ஸ்பானிஷ் சொல் அந்த நேரம் பார்த்து வரவில்லை. பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஒஃப்ரெந்தா'. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கட்டலோனியா என்றதும் பயப்பட வேண்டாம். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், 1939-லிருந்து 1975-இல் அவர் சாகும் வரை, பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் கட்டலான், பாஸ்க் மொழிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1978 அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு, காஸ்திலிய ஸ்பானிஷை எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய நாட்டு மொழி என்கிறது. மற்ற மொழிகள் அந்தந்தத் தன்னாட்சி மாநிலத்தில் கூடவே அலுவல் மொழி. மலாயைத் தேசிய மொழி என்கிற நம் அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவையும் 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் கட்டுரையில் மலேசியாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது. நான் அரைப் பக்கம் எழுதி, "கேள்வி ஸ்பெயினைப் பற்றியது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியாக, டீச்சரிடம் ஒரு சின்னச் சண்டை. 'இடம் என்றால் எஸ்தா' என்று சொல்லியிருக்கிறீர்கள். விருந்து, கூட்டம், கல்யாணம் நடக்கும் இடத்துக்கு 'எஸ்' அல்லவா வரும்? 'லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா', விருந்து என் வீட்டில். உங்கள் தமிழ் வழி அங்கே உடைகிறதே?


செந்தூல் தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக எழுத நேரமில்லை, கல்யாண ரவிக்கைகள் குவிந்து கிடக்கின்றன.

முதலில் ஆயர் ஈத்தாம் தம்பிக்கு. ஸ்பானிஷ் தெரியாத நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நேற்று ஓர் அம்மா துணி கொடுக்க வந்தார். "கல்யாணம் எங்கேம்மா?" என்றேன். "பத்துமலையில்" என்றார். 'கல்யாணம் பத்துமலையில் இருக்கிறது' என்று இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை. கோயில்தான் பத்துமலையில் இருக்கிறது. கல்யாணம் பத்துமலையில், அவ்வளவுதான். அப்படியென்றால் தமிழ் அங்கே உடையவில்லையே? மகளிடம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

'சே மே ஒல்விதோ' வீடு முழுக்கப் பரவிவிட்டது. சின்னவன் வீட்டுப்பாடம் செய்யாததற்கு அதைத்தான் சொல்கிறான். மாமியார் மதியம் தைலம் தேடிக்கொண்டிருந்தபோது மகள், "பாட்டி, தே துவேலே லா கபேசா?" என்று கேட்க, அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "ஆமாம்மா, காலையிலிருந்து" என்றார்.

நாடகத்துக்கு வருகிறேன். மூன்று இரவாக நான் தைக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்கிறாள். இரண்டாம் அங்கம் ஆரம்பிக்கும்போது மகள்கள் குட்டை நாற்காலிகளில் உட்கார்ந்து கல்யாணச் சீருக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறார்களாம். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். யாருடைய சீர் என்று கேட்டேன். மூத்தவளுக்கு மட்டும்தான் மாப்பிள்ளை பேசியிருக்கிறது, காரணம் அவளிடம்தான் சொத்து இருக்கிறது, மாப்பிள்ளைக்குக் கண் கடைக்குட்டி மேல். அக்காவின் கல்யாணத் துணியைத் தங்கைகள் தைக்கிறார்கள். "இந்த இடத்தில் ஊசி யார் கையிலாவது குத்துகிறதா?" என்று கேட்டேன். "அப்படி எழுதவில்லைம்மா, ஆனால் குத்தியிருக்கும்" என்றாள். பச்சை உடையைப் பற்றி நிறையக் கேட்டேன். துக்க வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு, காட்ட ஆள் இல்லாமல் கோழிகளுக்குப் போய்க் காட்டுகிறாளாம். தைத்து வாங்கிய துணியைப் போட்டுக்கொள்ள நாள் வராமல் பெட்டியில் வைத்திருக்கும் பெண்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். அதையும் சொன்னேன். அன்றைக்கு இரவு அவள் ஸ்பானிஷில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியாது. சிவப்பு இரண்டே இரண்டு, இரண்டும் ஆண்பால் பெண்பால் குழப்பம்.

இன்னொரு சமாச்சாரம். லோர்கா என்பது அவருடைய அம்மா வீட்டுப் பெயராம். கார்சியா அப்பா பக்கம், லோர்கா அம்மா பக்கம். அங்கே எல்லாருக்கும் இப்படி இரண்டு குடும்பப் பெயர், கல்யாணமானாலும் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லையாம். மகள் தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதில் நீ எங்கேயும் இல்லையேம்மா" என்றாள். வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஹையரில்தான் எடுக்கிறாள். பாரத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கணக்கர் தம்பி, மாண்டரின் அடுத்த பிறவியில்.

டீச்சரம்மா, ஒன்று கேட்கலாமா? நான் கதை கேட்கலாம், இலக்கணத்தில் இரண்டொன்று சொல்லலாம். அவள் ஸ்பானிஷில் பேசினால் சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? மாதத்துக்கு ஒரு மணி நேரமாவது உங்களிடம் அனுப்பினால் என்ன ஆகும்?


ஈஜோக் தோட்டத்துப் பெண்:

ஆயர் ஈத்தாம் தம்பி சொன்னது சரி, நான்தான் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டேன். ஆனால் கல்யாணம் பத்துமலையில் என்ற உதாரணம் இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் என் வகுப்பில் அதைத்தான் சொல்லப் போகிறேன், பெயர் போடாமல்!

அக்கா, ஞாயிறு மாலை 4 மணிக்கு அனுப்புங்கள், முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். முதல் மூன்று மாதம் நாடகமும் பேச்சும் மட்டும். பழைய ஸ்பானிஷ் அகராதி ஒன்று இருக்கிறது, அட்டை கிழிந்தது, அதையும் எடுத்துக்கொள்ளட்டும். பின்னாளில் ஆசை இருந்தால் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தகுதித் தேர்வை இங்கேயே எழுதலாம், அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அதற்கு இப்போது அவசரமில்லை. காசு வேண்டாம். தீபாவளிக்கு வாங்கிய இரண்டு சேலைக்கு ரவிக்கைத் துணி வெட்டாமல் கிடக்கிறது.


செந்தூல் தையல்காரி:

இரண்டு ரவிக்கை 90 வெள்ளி, பங்சார்காரர் கணக்கில் உங்கள் ஒரு மணி நேரம் 120 வெள்ளி. மிச்சம் 30 வெள்ளிக்குக் கைக்கு ஜரிகை வைத்துத் தருகிறேன். ஞாயிறு நானும் கூட வருகிறேன். அளவு ரவிக்கையை எடுத்து வையுங்கள். 'சே மே ஒல்விதோ' என்றால் விடமாட்டேன்.